துளி தரும் செய்தி

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் நாட்டுப் பழமொழி. அதனை நான் ஓர் ஆராய்ச்சி முறை என்றே கொள்வேன். பானையில் உள்ள அரிசியெல்லாம் ஒரே தண்ணீரில், ஒரே நெருப்பில், ஒரே நேரம் வெந்தது. ஆகையால் ஒரு பருக்கையின் நிலை எல்லாப் பருக்கைகளின் நிலையையும் சொல்லிவிடுகிறது. ஆனால், அதே சோற்றில் ஒரு சிறு கல் கிடக்கிறதா என்று அறிய வேண்டுமானால் இந்த முறை உதவுமா? உதவாது. பருக்கையை நசுக்கிப் பார்த்தவருக்குக் கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதற்காகவே அரிசியை உலையில் இடுமுன் முறத்தில் பரப்பி, மணி மணியாகக் கண்ணோட்டிப் பார்க்கிறார்கள்.

விஞ்ஞானிகளும் நெடுங்காலமாகச் சோற்றுப் பதம் பார்க்கும் முறையிலேயே திரவங்களை ஆராய்ந்து வந்தார்கள். ஒரு சோதனைக் குழாயில் திரவத்தை எடுத்து, அதன் நிறம் எவ்வளவு, அமிலத்தன்மை எவ்வளவு, அதில் இன்ன பொருள் எவ்வளவு என்று மொத்தமாக அளந்தார்கள். கிடைத்த விடை ஒரு சராசரி. பெரும்பாலான வேலைகளுக்கு அந்தச் சராசரி போதும். ஆனால் இலட்சம் நல்ல அணுக்களிடையே மறைந்திருக்கும் ஒரு நோயுற்ற அணுவைத் தேடும்போது சராசரி நம்மைக் கைவிட்டுவிடுகிறது. அப்போது திரவத்தையும் முறத்தில் பரப்பிப் பொறுக்க வேண்டியிருக்கிறது. திரவத்தைப் பரப்புவது எப்படி? அதனைக் கோடிக்கணக்கான நுண்துளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு துளியையும் தனித்தனியே விசாரித்து, அது தரும் விடையைக் கேட்டுக்கொள்வதுதான் வழி. அந்த விசாரணை எவ்வாறு நடைபெறுகிறது என்பதையே இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் துளியின் அளவை மனத்தில் வாங்கிக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். குறுக்களவு 50 மைக்ரான் உள்ள ஒரு துளியின் பருமன் சுமார் 65 பிக்கோலிட்டர். ஒரு மில்லிலிட்டர் நீரை இத்தகைய துளிகளாக்கினால் ஏறக்குறைய ஒன்றரைக் கோடித் துளிகள் கிடைக்கும். நொடிக்கு ஆயிரம் துளி என்று விடாமல் விசாரித்தாலும், அந்த ஒரு மில்லிலிட்டரை முடிப்பதற்கு நான்கு மணி நேரத்திற்கு மேல் ஆகும்.

இத்தனை பாடுபட்டுப் பிரிப்பதால் வரும் இலாபம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கடலில் கரைத்த பெருங்காயம் என்று சொல்கிறோம். பெருங்காயம் அழிந்துவிடுவதில்லை, பரந்துவிடுகிறது. அதே பெருங்காயத்தை ஒரு கரண்டி நீரில் கரைத்தால் மணம் மூக்கைத் துளைக்கும். ஒரு மூலக்கூறு ஒரு மில்லிலிட்டரில் கிடப்பதற்கும், ஒரு பிக்கோலிட்டரில் கிடப்பதற்கும் செறிவில் உள்ள வேற்றுமை 100 கோடி மடங்கு. மூலக்கூறு அதேதான், அதன் வீடு சுருங்கிவிட்டது. அது உண்டாக்கும் பொருள்கள் வெளியே பரவ இடமின்றி உள்ளேயே சேர்ந்து, நாம் காணக்கூடிய அளவை எட்டிவிடுகின்றன.

இந்த உண்மையை முதலில் அழகாகப் பயன்படுத்தியவர்களில் ஒருவர் போரிஸ் ராட்மன் என்னும் ஆராய்ச்சியாளர். 1961-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை, என்ஸைம் ஒன்றின் தனித்தனி மூலக்கூறுகளின் வேலையை அளந்து காட்டியது. என்ஸைம் என்பது உயிருள்ள பொருள்களில் இரசாயன மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதம். ராட்மன் ஒரு என்ஸைமையும், அது வெட்டும்போது ஒளிரத் தொடங்கும் ஒரு பொருளையும் நீரில் கலந்து, அந்த நீரைச் சிலிக்கோன் எண்ணெயில் நுண்துளிகளாகத் தெளித்தார். ஒரு துளிக்குள் சராசரியாக ஒரு மூலக்கூறுக்கும் குறைவாகவே இருக்கும்படி என்ஸைமை நீர்க்கச் செய்திருந்தார். பல மணி நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பின் வழியே பார்த்தபோது, பல துளிகள் இருண்டிருந்தன, சில ஒளிர்ந்தன. ஒளிர்ந்தவற்றுள்ளும் ஒளி படிப்படியாக உயர்ந்தது. ஒரு மூலக்கூறு இருந்த துளிக்கு ஒரு படி, இரண்டு இருந்த துளிக்கு இரண்டு படி.

அவர் அந்த என்ஸைமைச் சூடாக்கியும் பார்த்தார். சூட்டினால் என்ஸைமின் மொத்த வேலை குறைந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எல்லா மூலக்கூறுகளும் சேர்ந்து சோர்வடைகின்றனவா, அல்லது சில முற்றிலும் அழிந்து மற்றவை முழு வலிமையோடு நிற்கின்றனவா? சோதனைக் குழாயில் மொத்தமாக அளப்பவர் இக்கேள்விக்கு விடை காண முடியாது. இரண்டு வகையிலும் அவருக்குக் கிடைப்பது ஒரே எண்தான். துளிகளோ ஐயமின்றி விடை கூறின. ஒளிர்ந்த துளிகளின் தொகை குறைந்திருந்தது. ஒளிர்ந்த ஒவ்வொன்றின் வலிமை குறையவில்லை. ஒரு துளியை மட்டும் தனியே கேட்டதனால் கிடைத்த அறிவு இது.

ராட்மன் தெளித்த துளிகள் பல அளவுகளில் அமைந்தவை; அவற்றை அவர் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. இன்றைய ஆராய்ச்சிக் கூடங்களில் துளிகள் எல்லாம் ஓரளவாக, வரிசையாக, எண்ணியபடி பிறக்கின்றன. குழாயைச் சிறிதே திறந்தால் நீர் நூல்போல் இறங்கிப் பிறகு மணிமணியாக உடைவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நீர்ப்பரப்பின் இழுவிசை, பரப்பைச் சுருக்கவே எப்போதும் முயல்கிறது. நீண்ட நூலைவிட உருண்டை மணிகளுக்குப் பரப்புக் குறைவு. ஆகவே நூல் உடைகிறது. இதனை 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜிய நாட்டுப் பிளாட்டோவும், இங்கிலாந்து நாட்டு ராலே பிரபுவும் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதே விதியைத்தான் இன்றைய நுண்கால்வாய்களிலும் காண்கிறோம்.

ஒரு சிறு கண்ணாடிச் சில்லின்மேல் ஒட்டிய, ரப்பர் போன்ற பிளாஸ்டிக்கில், மயிரிழை அகலத்தில் கால்வாய்கள் அமைக்கிறார்கள். ஒரு கால்வாயில் எண்ணெய் ஓடுகிறது. அதன் பக்கத்தில் வந்து சேரும் மற்றொரு கால்வாயில் நீர் வருகிறது. நீர் தலை நீட்டியதும், ஓடுகின்ற எண்ணெய் அதனை இழுத்துக் கழுத்தை நெரித்து ஒரு துளியாகத் துண்டித்துக்கொண்டு போகிறது. அடுத்த துளி, அதற்கடுத்த துளி என்று கடிகாரம் போல் இது நடைபெறுகிறது. இத்தகைய சந்தியில் துளிகள் பிறப்பதை 2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தார்சன், ராபர்ட்ஸ், ஆர்னால்டு, குவேக் என்னும் நால்வர் விவரித்தார்கள். அவர்களுள் பிரான்செஸ் ஆர்னால்டு என்னும் அம்மையார், என்ஸைம்களைப் படிப்படியாகத் திருத்தி வளர்க்கும் முறைக்காக 2018-இல் நோபெல் பரிசு பெற்றவர். துளிகள் ஒன்றோடொன்று கூடிவிடாமல் இருக்க, எண்ணெயில் சோப்புப் போன்ற ஒரு பொருளைச் சிறிது சேர்க்கிறார்கள். அது ஒவ்வொரு துளிக்கும் ஒரு மெல்லிய சட்டையாக அமைகிறது.

துளிகள் வரிசையாக வந்துவிட்டன. இனி விசாரணை. கண்ணால் நிறம் பார்த்தால் போதாதா? போதாது. பள்ளி ஆய்வுக் கூடத்தில் நிறமான திரவத்தை ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள கண்ணாடிப் பெட்டியில் ஊற்றி, எவ்வளவு ஒளியை அது விழுங்குகிறது என்று அளக்கிறோம். துளியின் அகலமோ 50 மைக்ரான். அதாவது ஒரு சென்டிமீட்டரில் 200-இல் ஒரு பங்கு. ஒளி கடந்து செல்லும் தூரம் குறையக் குறைய, விழுங்கப்படும் ஒளியும் குறைகிறது. கொட்டும் வெயிலில் ஒரு விளக்கு அணைந்ததா என்று பார்ப்பதற்கு ஒப்பான வேலை அது. அமாவாசை இருளில் ஒரு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது அதைவிட எவ்வளவோ எளிது அல்லவா? அந்த எளிய வழிதான் ஒளிர்வு.

சில பொருள்கள் ஒரு நிற ஒளியை உண்டு, வேறொரு நிற ஒளியை உமிழ்கின்றன. மலேரியா மருந்தான கொயினா கரைந்த நீர், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உண்டு நீல ஒளி வீசுகிறது. இதனை ஆராய்ந்து 1852-ஆம் ஆண்டில் அதற்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயரையும் சூட்டியவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். உமிழும் ஒளியின் அலைநீளம், உண்ட ஒளியின் அலைநீளத்தினும் மிக்கது என்பது அவர் கண்ட விதி. நம் வேலைக்கு இது பெரிய வரம். துளியின்மேல் நீல லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறோம். துளி பச்சை ஒளியை உமிழ்கிறது. வழியில் நீலத்தைத் தடுத்துப் பச்சையை மட்டும் விடும் ஒரு வடிகண்ணாடியை வைத்துவிட்டால், நாம் பாய்ச்சிய ஒளி மறைந்து, துளி பேசிய ஒளி மட்டும் நம்மிடம் வருகிறது.

வருகின்ற அவ்வொளியோ மிகச் சிறிது. அதனைப் போட்டோமல்டிப்ளையர் என்னும் குழல் ஏற்றுக்கொள்கிறது. ஓர் ஒளித்துகள் அக்குழலின் முகப்பில் விழுந்தால் ஓர் எலெக்ட்ரான் வெளிப்படுகிறது. அந்த எலெக்ட்ரான் ஒரு தகட்டில் மோதிப் பல எலெக்ட்ரான்களைக் கிளப்புகிறது. அவை அடுத்த தகட்டில் மோதி மேலும் பலவற்றைக் கிளப்புகின்றன. இவ்வாறு ஒன்று பல இலட்சமாகப் பெருகி, அளக்கத்தக்க மின்னோட்டம் ஆகிறது. துளி லேசரின் எதிரே வரும்போது மின்னோட்டம் ஏறுகிறது; கடந்து போனதும் இறங்குகிறது. ஒரு துளிக்கு ஒரு மேடு. அந்த மேடுதான் துளி நமக்கு அனுப்பும் செய்தி.

மேடு எவ்வளவு நேரம் நிற்கும்? துளி நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். 50 மைக்ரான் நீளத்தைக் கடக்க அதற்கு ஒரு நொடியில் 2,000-இல் ஒரு பங்கு போதும். நம் கருவி நொடிக்கு 2,000 முறை மட்டுமே மின்னோட்டத்தைக் குறித்துக்கொண்டால், ஒரு துளிக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும். அதுவும் மேட்டின் உச்சியில் விழுமோ, சரிவில் விழுமோ, யார் அறிவார்? நொடிக்கு 1,00,000 முறை குறித்தால் ஒரு துளிக்கு 50 புள்ளிகள் கிடைக்கும். மேட்டின் உருவமே புலப்படும். உருவம் தெரிவதால் பயன் உண்டு. மேட்டின் உயரம் துளிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்கிறது. அதன் அகலம் துளி எவ்வளவு பெரியது என்று சொல்கிறது. இயல்பான அகலத்தைவிட மிகுந்த மேடு வந்தால், இரண்டு துளிகள் வழியில் கூடிவிட்டன என்று அறிந்து அதனைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம்.

இனி இடையூறுகளைப் பார்ப்போம். ஒளி துகள் துகளாக வருவதால் அதன் எண்ணிக்கை ஒருபோதும் நிலையாக இராது. சராசரியாக 100 துகள்கள் வர வேண்டிய இடத்தில் ஒரு முறை 92 வரும். மறுமுறை 109 வரும். இந்த ஆட்டத்தின் அளவு, எண்ணிக்கையின் வர்க்கமூலம். 100-க்கு ஆட்டம் 10. அதாவது நூற்றுக்குப் பத்து. 10,000-க்கு ஆட்டம் 100. அதாவது நூற்றுக்கு ஒன்று. கருவியை எவ்வளவு சிறப்பாகச் செய்தாலும் இந்த ஆட்டம் போகாது. இது ஒளியின் இயல்பு. ஆகவே துளியை மெதுவாக ஓட்டினால் ஒளி மிகுந்து விடை தெளிவாகும். ஆனால் எண்ணும் துளிகள் குறையும். விரைவாக ஓட்டினால் துளிகள் மிகும். ஒவ்வொன்றின் விடையும் மங்கும். இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தைத் தேர்ந்தெடுப்பது ஆராய்ச்சியாளரின் பொறுப்பு.

மற்றோர் இடையூறு நீரே. இங்கே நம் நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வேங்கட ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் 1928-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஆராய்ந்தது, திரவங்கள் சிதறவிடும் மிக மங்கிய, நிறம் மாறிய ஒளியை. அது சாதாரண ஒளிர்வு அன்று, புதியதொரு சிதறல் என்று நிறுவுவதே அன்று அவர்கள் செய்த அரும்பணி. துளி ஆராய்ச்சியாளருக்கு இன்று அதே வேற்றுமை வேறு வகையில் கவலை தருகிறது. 488 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல லேசர் நீரில் பட்டால், ராமன் விளைவினால் 585 நானோமீட்டர் அருகே மஞ்சள் நிறத்தில் ஒரு மங்கிய ஒளி தோன்றுகிறது. தூய நீர்த்துளியும் அதனை வீசும். நாம் தேடும் சாயத்தின் ஒளியும் அதே நிறத்தில் அமைந்துவிட்டால், வெறும் நீரே விடை சொன்னது போல் மயக்கம் ஏற்படும். ஆதலால் சாயத்தின் நிறத்தையும் வடிகண்ணாடியையும் அந்த இடத்திற்கு விலக்கித் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இத்தனை ஏற்பாடும் மருத்துவத்தில் எங்கே பயன்படுகிறது என்பதைச் சொல்கிறேன். உடலின் அணுக்களில் உள்ள டி.என்.ஏ. என்னும் இழையில் ஓர் எழுத்து மாறினாலும் சில வேளைகளில் நோய் தோன்றும். அந்த மாறிய இழை ஒன்றே ஒன்று இருந்தாலும் அதனை நகல் எடுத்துப் பெருக்கும் முறையைக் கேரி மல்லிஸ் 1983-இல் கண்டார். அதற்காக 1993-இல் நோபெல் பரிசு பெற்றார். ஒவ்வொரு சுற்றிலும் இழை இரட்டிக்கிறது. முப்பது சுற்றில் ஒன்று 100 கோடிக்கு மேல் ஆகிவிடும். ஆனால் ஒரே குழாயில் இதைச் செய்தால், தொடக்கத்தில் ஒன்று இருந்ததா, பத்து இருந்ததா என்று துல்லியமாகச் சொல்வது கடினம். நல்ல இழைகளின் பெருங்கூட்டத்தில் மாறிய இழையின் குரல் அமுங்கியும் போகும். 1999-ஆம் ஆண்டில் வோகெல்ஸ்டைன், கின்ஸ்லர் என்னும் இருவர், திரவத்தைப் பல சிறு குழிகளில் பிரித்து, ஒவ்வொரு குழியிலும் தனித்தனியே பெருக்கி, "உண்டு" என்ற குழிகளையும் "இல்லை" என்ற குழிகளையும் எண்ணும் முறையை விளக்கினார்கள். அவர்கள் பயன்படுத்தியவை நூற்றுக்கணக்கான குழிகள். 2011-இல் ஹின்ட்சன் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் குழிகளுக்குப் பதில் துளிகளைக் கொண்டு, ஒரு மாதிரிக்கு ஏறக்குறைய 20,000 துளிகளை எண்ணிக் காட்டினார்கள். 1,00,000 நல்ல இழைகளிடையே ஒரு மாறிய இழையையும் அம்முறையால் காண முடிந்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மாறிய இழை உள்ள துளி பளிச்சென்று ஒளிரும். அது இல்லாத துளி முற்றிலும் இருண்டிருப்பதில்லை. சாயத்தை அடக்கிவைக்கும் பொருள் முழுவதும் அடக்க முடியாததால் மங்கலாக ஒளிர்கிறது. இதைக் குறை என்று எண்ண வேண்டாம். அந்த மங்கல் ஒளி இல்லாவிட்டால் வெற்றுத் துளி வந்ததும் போனதும் நமக்குத் தெரியாது. வெற்றுத் துளிகளை எண்ணாமல் இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

ஏன் என்பதை என் மாணவர்களுக்கு நான் ஒரு விளையாட்டின் மூலம் காட்டுவது வழக்கம். தரையில் சாக்கட்டியால் பத்துக்குப் பத்தாக 100 கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள். 100 புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக, குறி பார்க்காமல், எல்லாக் கட்டங்களுக்கும் சமவாய்ப்பு இருக்கும்படி வீசுங்கள். கட்டத்துக்கு ஒன்று வீதம் விழும் என்று சிலர் எதிர்பார்ப்பார்கள். உண்மையில் ஏறக்குறைய 37 கட்டங்கள் வெறுமையாக இருக்கும். சிலவற்றில் இரண்டும் மூன்றும் கிடக்கும். கொட்டை விழுந்த கட்டங்களை மட்டும் எண்ணினால் 63 என்றுதான் வரும், வீசியதோ 100. ஆனால் வெறுமையான கட்டங்களின் விகிதம் தெரிந்தால், பிரெஞ்சுக் கணித அறிஞர் புவாசோன் 19-ஆம் நூற்றாண்டில் தந்த விதியைக் கொண்டு, வீசிய தொகையை மீட்டுவிடலாம். கட்டத்துக்குச் சராசரி எத்தனை கொட்டை என்பது, வெறுமையின் விகிதத்தினுடைய இயற்கை மடக்கையின் எதிர்மறை எண். 0.37-க்கு அந்த எண் ஏறக்குறைய ஒன்று, கட்டங்கள் 100, ஆகவே கொட்டைகள் ஏறக்குறைய 100.

துளிக்கும் இதே கணக்கு. 20,000 துளிகளில் 5,000 ஒளிர்ந்தன என்று கொள்வோம். வெறுமையின் விகிதம் 0.75. சராசரி, துளிக்கு 0.2877. ஆகவே மொத்த இழைகள் 5,000 அல்ல, ஏறக்குறைய 5,750. ஒரு துளியின் பருமன் 0.85 நானோலிட்டர் என்றால், ஒரு மைக்ரோலிட்டரில் சுமார் 338 இழைகள் இருந்தன என்று சொல்லிவிடலாம். வேறொரு மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையில்லை, எண்ணியதே போதும்.

இப்போது நான் எல்லாவற்றினும் முக்கியம் என்று கருதும் செய்திக்கு வருகிறேன். எந்த மேட்டை "உண்டு" என்பது, எந்த மேட்டை "இல்லை" என்பது? 20,000 மேடுகளின் உயரங்களை வரைபடமாக இட்டால், தாழ்ந்த உயரத்தில் ஒரு பெருங்குவியலும் உயர்ந்த உயரத்தில் மற்றொரு குவியலும் தோன்றும். இடையே ஓர் எல்லைக்கோடு இட வேண்டும். ஆனால் இரண்டு குவியல்களுக்கும் நடுவே சில துளிகள் சிதறிக் கிடக்கும். இத்துறையில் உழைப்பவர்கள் அதனை மழை என்று அழைக்கிறார்கள். சிதைந்த இழை இருந்த துளியாக இருக்கலாம். பெருக்கம் தாமதித்துத் தொடங்கிய துளியாக இருக்கலாம். வழியில் உடைந்த துளியாகவும் இருக்கலாம். கோட்டைத் தாழ்த்தினால் வெற்றுத் துளிகள் சில "உண்டு" என்று பொய் சொல்லும். உயர்த்தினால் உண்மையில் உள்ள சில "இல்லை" என்று மறைந்துவிடும்.

இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறிவரும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் உடலில் நோயணுக்கள் இன்னும் எஞ்சியுள்ளனவா என்று அறிய மருத்துவர் இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்புகிறார். மருந்தைத் தொடர்வதா, மாற்றுவதா என்பதை முடிவு செய்யும்போது அச்சோதனையின் விடையையும் மருத்துவர் எடைபோடுகிறார். 20,000 துளிகளில் மூன்று ஒளிர்ந்தன. அவை உண்மையா, பொய்யா? பொய்யான மூன்று துளிகள் ஒரு மனிதரைத் தேவையற்ற கடும் மருந்துக்கு உள்ளாக்கலாம். மறைந்துபோன மூன்று துளிகள் திரும்பி வரும் நோயை மறைக்கலாம். ஆகவேதான் நேர்மையான சோதனைக் கூடத்தில் நோயாளியின் மாதிரியோடு இரண்டு சாட்சிகளையும் சேர்த்து ஓட்டுகிறார்கள். ஒன்று, அந்த இழை இல்லை என்று உறுதியாகத் தெரிந்த மாதிரி. மற்றொன்று, உண்டு என்று உறுதியாகத் தெரிந்த மாதிரி. முதலாவதில் எத்தனை துளிகள் பொய் சொல்கின்றன என்று பார்த்து, அதற்கேற்பக் கோட்டை இடுகிறார்கள். அந்தக் கோட்டை நோயாளியின் விடையைக் காண்பதற்கு முன்பே இட்டுவிட வேண்டும். விடையைக் கண்ட பிறகு கோட்டை நகர்த்துபவர், ஆட்டம் முடிந்தபின் விதியை மாற்றுபவருக்கு ஒப்பாவார்.

ஒரு துளியும் ஒளிரவில்லை என்றால்? "நோய் இல்லை" என்று சொல்லிவிடலாமா? அப்படிச் சொல்வதற்கு நமக்கு உரிமை இல்லை. 20,000 துளிகளின் மொத்தப் பருமன் 17 மைக்ரோலிட்டர்தான். அந்த அளவில் சராசரியாக மூன்று இழைகள் இருக்கக்கூடிய ஒரு திரவத்திலிருந்து மாதிரி எடுத்தாலும், தற்செயலாக ஒன்றும் அகப்படாமல் போவது நூற்றுக்கு ஐந்து முறை நேரும். ஆகவே, "நான் பார்த்த அளவில் மூன்றுக்கு மேல் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு" என்பதே ஒழுங்கான விடை. இன்னும் உறுதி வேண்டுமானால் இன்னும் மிகுதியான இரத்தத்தை எடுத்து, இன்னும் மிகுதியான துளிகளை விசாரிக்க வேண்டும்.

துளிகளை விசாரிப்பதோடு நின்றுவிடாமல், விடைக்கேற்ப அவற்றைப் பிரித்தெடுக்கவும் முடியும். துளி ஒளிர்ந்ததும் கருவி அதன் மேட்டை அளந்து, எல்லைக்கோட்டைத் தாண்டியதா என்று தீர்மானித்து, துளி சிறிது தூரம் செல்வதற்குள் கால்வாயின் ஓரத்தில் உள்ள மின்வாய்களுக்கு மின்னழுத்தம் கொடுக்கிறது. மின்புலம் துளியைத் தன்பால் இழுக்கிறது. துளி வலப்பக்கக் கால்வாயில் திரும்பிவிடுகிறது. மற்றவை இடப்பக்கம் சென்று கழிகின்றன. 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், ஈஸ்டு அணுக்களின்மேல் தாங்கிய என்ஸைம் வகைகளை இவ்வாறு துளிகளில் அடைத்து, பத்தே மணி நேரத்தில் சுமார் 10 கோடி விசாரணைகளை நடத்தி, தாய் என்ஸைமைவிடப் பத்து மடங்குக்கு மேல் விரைவாக வேலை செய்யும் வகைகளைக் கண்டெடுத்தார்கள். இத்தனைக்கும் செலவான திரவம் ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவு.

ஒளி ஒன்றே துளியின் மொழி என்று எண்ணிவிடாதீர்கள். வாலஸ் கூல்ட்டர் என்பவர் 1953-இல் உரிமம் பெற்ற ஒரு கருவியில், அணுக்கள் ஒரு சிறு துளை வழியே செல்லும்போது மின்தடை மாறுவதைக் கொண்டு அவற்றை எண்ணினார். அம்முறையின் வழித்தோன்றல்கள் துளிகளையும் மின்சாரத்தால் விசாரிக்கின்றன. ராமன் ஒளியையே விடையாகக் கொண்டு, சாயம் ஏதும் சேர்க்காமல் துளிக்குள் உள்ள பொருளை இனங்காணவும் செய்கிறார்கள். முன்னே இடையூறாக நின்றது இங்கே துணையாக நிற்கிறது.

மாணவ நண்பர்களே! நான் சொன்னவற்றுள் பெரும்பகுதி நீங்கள் பாடப் புத்தகத்தில் தனித்தனியே படிப்பவைதான். பரப்பு இழுவிசை ஓர் அத்தியாயம், ஒளியின் நிறம் ஓர் அத்தியாயம், மடக்கை கணிதப் புத்தகத்தில் இருக்கிறது, டி.என்.ஏ. உயிரியல் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு துளியிடம் ஒரு கேள்வி கேட்கப் புறப்பட்டால் இவை அனைத்தும் ஒரே மேசைக்கு வந்து அமர்ந்துவிடுகின்றன. புளியங்கொட்டை விளையாட்டைச் செய்து பாருங்கள். முதலில் 50 கொட்டைகளோடு, பிறகு 200 கொட்டைகளோடு வீசி, ஒவ்வொரு முறையும் வெறுமையான கட்டங்களை எண்ணி, கணக்கு எவ்வளவு நெருங்கி வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 200 வீசும்போது வெறுமையான கட்டங்கள் மிகக் குறைந்துவிடும். அப்போது விடையும் தள்ளாடத் தொடங்கும். கொட்டைகள் மேலும் பெருகி ஒரு கட்டமும் வெறுமையாக இல்லாத நிலை வந்துவிட்டால், கணக்கே போட முடியாது. துளி ஆராய்ச்சியாளர்கள் மாதிரியை நீர்க்கச் செய்துகொள்வதன் காரணமும் அப்போது உங்களுக்கு விளங்கும்.